பத்தொன்பது கேள்விகள்

ஒரு கேள்வித்தாளுக்கு விமர்சனம் எழுதுவது கொஞ்சம் விபரீதமான காரியம்தான். நாவலுக்கே ஒழுங்காக விமர்சனம் எழுத ஆளில்லாத நம் சூழலில் இது என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சென்ற பத்து வருஷங்களில் தமிழ்ப் பெண்ணின் வேட்கையைப் பற்றி நான் படித்த நாவல்கள், கவிதைத் தொகுப்புகள், அவற்றை முன்வைத்து நடந்த சண்டைகள் இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகம் தொந்தரவு செய்த பிரதி, பத்தொன்பது கேள்விகள் கொண்ட ஒரு மருத்துவப் படிவம். அதனால் இதை எழுதுகிறேன். படிவத்தை இலக்கியம் என்று நிறுவும் உத்தேசம் எனக்கில்லை. ஒரு பிரதி யாரை நோக்கிப் பேசுகிறது, யாரைப் பேசவிடாமல் செய்கிறது என்று பார்ப்பது விமர்சகனின் வேலை என்றால், அந்த வேலை கதை கவிதையோடு முடிந்துவிடுவதில்லை.

படிவங்கள் எனக்குப் பழக்கமானவை. வங்கியில் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பன்னிரண்டு வருஷமாகிறது. நகைக்கடன் விண்ணப்பம், நாமினேஷன், கூட்டுக் கணக்கு. சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து நேராக வரும் கணவன் முன்னால் நிற்பான். மனைவி இரண்டடி பின்னால். அவள் பதில் சொல்ல வேண்டிய கட்டத்துக்கும் அவனே பதில் சொல்வான். கையெழுத்து மட்டும் அவளுடையது. படிவத்தில் விடுபட்ட இடம் ஒன்றும் இராது. அந்தப் பெண்ணைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவும் செய்யாது. இந்தப் பழக்கத்தோடுதான் நான் அந்த மருத்துவப் படிவத்தைப் படித்தேன்.

2000-ஆம் வருஷம் அமெரிக்காவில் ரேமண்ட் ரோஸனும் அவரது சகாக்களும் தயாரித்தது அது. பெண் பாலியல் செயல்பாட்டுக் குறியீடு என்று சொல்லலாம். கடந்த நான்கு வாரங்களைப் பற்றிய கேள்விகள்: வேட்கை பற்றி இரண்டு, கிளர்ச்சி பற்றி நான்கு, ஈரக்கசிவு பற்றி நான்கு, உச்சம் பற்றி மூன்று, திருப்தி பற்றி மூன்று, வலி பற்றி மூன்று. முழு மதிப்பெண் 36. 26.55-க்கு மேல் எட்டாதவர்களிடம் கோளாறு இருக்கலாம் என்று 2005-இல் ஒரு கோடு போட்டார்கள். தசம ஸ்தானம் இரண்டு வரை போகும் இந்தக் கறார்த்தனம் வங்கிக்காரனான எனக்கே கொஞ்சம் கூச்சத்தை உண்டாக்கியது.

இதன் தமிழ் வடிவத்தை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், மருத்துவப் புறநோயாளிகள் பிரிவுக்கு வந்த மணமான பெண்கள் 149 பேரிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். முடிவுகள் 2009-இல் ஒரு மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தன. 73.2 சதவீதப் பெண்களுக்குக் கோளாறு இருப்பதாக மதிப்பெண் சொன்னது. வேட்கையில் குறை 77.2 சதவீதம். கிளர்ச்சியில் 91.3. ஈரக்கசிவில் 96.6. நாற்பது வயதைத் தாண்டியவர்களிடமும் குறைவாகப் படித்தவர்களிடமும் இது அதிகம். காரணம் என்னவென்று அந்தப் பெண்களையே கேட்டபோது, தன் உடல்நோய் அல்லது கணவனின் நோய், கணவனோடு சரியில்லாமை, இதையெல்லாம் பேசக்கூடாது என்ற ஊர்வழக்கம் என்று சொல்லியிருக்கிறார்கள். இதற்காக வைத்தியரிடம் போனவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

இந்த எண்களைப் பார்த்துத் தமிழ்ப் பெண்குலமே நோயில் கிடக்கிறது என்று பதறுவது ஒரு வழி. மேல்நாட்டு அளவுகோலைக் கொண்டுவந்து நம் பெண்களை அளக்கிறான் என்று கோபப்பட்டு ஒதுக்கிவிடுவது இன்னொரு வழி. இரண்டாவது வழிதான் நம்மவர்களுக்கு அதிகம் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அதில் படிக்க வேண்டிய சிரமம் இல்லை. எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. வேலூரில் அந்தப் பெண்களிடம் உட்கார்ந்து கேட்டவர்கள், நம் நாவலாசிரியர்களில் பெரும்பாலோர் செய்யாத ஒரு காரியத்தைச் செய்திருக்கிறார்கள். கேட்டிருக்கிறார்கள். எப்படிக் கேட்டார்கள் என்பதில்தான் எனக்கு வழக்கு.

முதலில் அந்தப் பூஜ்யம். பத்தொன்பதில் பதினைந்து கேள்விகளுக்கு, இந்த நான்கு வாரத்தில் உறவே நிகழவில்லை என்று பதில் சொன்னால் மதிப்பெண் பூஜ்யம். கணவன் துபாயில் இருக்கும் பண்ருட்டிப் பெண்ணுக்கும், கணவன் பக்கத்திலேயே படுத்திருந்தும் உடம்பு மரத்துக் கிடப்பவளுக்கும் ஒரே மதிப்பெண். முதலாமவளுக்கு வேட்கை தகித்துக்கொண்டிருக்கலாம். படிவம் அவளையும் நோயாளியாக்கிவிடும். இதை நான் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லவில்லை. 2007-இலேயே அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இந்தக் குறையைச் சுட்டிவிட்டார்கள். ஆனாலும் சதவீதங்கள் தொடர்ந்து பிரயாணம் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

அடுத்தது இதைவிடப் பெரிது. இந்தப் பத்தொன்பதில் எந்தக் கேள்வியும், இது உனக்கு வருத்தமாக இருக்கிறதா என்று கேட்பதில்லை. திருப்தியா என்று கேட்கிறது. துயரமா என்று கேட்பதில்லை. ஆனால் நோய் என்று சொல்வதற்கு வருத்தம் அவசியம் என்பது அமெரிக்க மனநல மருத்துவர்களின் சொந்தச் சட்டம். 2008-இல் அங்கே 31,581 பெண்களிடம் கேட்டுப் பார்த்ததில், நூற்றுக்குச் சுமார் 43 பேரிடம் ஏதாவது ஒரு குறை தென்பட்டது. அதனால் மனம் வருந்தியவர்கள் சுமார் 12 பேர்தான். மீதி முப்பத்தொரு பேர் யார்? அவர்கள் நோயாளிகளா, நிம்மதியாக இருப்பவர்களா, அல்லது எதற்கு வருத்தப்பட வேண்டும் என்றே சொல்லிக்கொடுக்கப்படாதவர்களா? இந்த மூன்றாவது ஸ்திதிதான் நம் ஊரில் மிக அதிகமாக இருக்கும் என்பது என் அனுமானம். வேலூரில் ஒருவர்கூட வைத்தியரிடம் போகவில்லை என்பதை இந்த இடத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

இனி பாஷை. வேலூர்த் தமிழ் வடிவம் என் கைக்குக் கிடைக்கவில்லை. ஆங்கில மூலத்தை வைத்துக்கொண்டு நானே மொழிபெயர்த்துப் பார்த்தேன், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். ஆங்கில இலக்கியம் பி.ஏ. படித்தவனுக்கு இது என்ன பிரமாதம் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டது. வேட்கை என்று போட்டால் அகத்துறைப் பாடமாகிவிடுகிறது. காமம் என்றால் திருக்குறளின் மூன்றாம் பால், அல்லது சினிமா போஸ்டர். இச்சை என்றால் பாவத்தின் வாடை. ஆசை என்றால் புடவைக்கும் பொருந்தும், பூர்வீக நிலத்துக்கும் பொருந்தும். நாட்டம் என்பது ஜாதக பரிவர்த்தனை. பாலியல் விருப்பம் என்பது இன்றைய அதிகாரபூர்வமான பிரயோகம். பாலியல் என்ற சொல்லை ஒரு சாதாரணப் பெண் எங்கே கேட்கிறாள்? பாலியல் தொல்லை, பாலியல் பலாத்காரம், பாலியல் தொழில், பாலியல் புகார். தினசரியில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் எப்போதும் ஒரு போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. அவளிடம் போய், கடந்த நான்கு வாரங்களில் உங்களுக்குப் பாலியல் விருப்பம் எத்தனை முறை ஏற்பட்டது என்று கேட்டால், நான் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் அவள் மனம் பதில் சொல்லும். அந்தப் பதில் படிவத்தில் குறைந்த மதிப்பெண்ணாகப் பதிவாகும்.

கிளர்ச்சி என்ற சொல் இன்னும் விசித்திரம். தொழிற்சங்கங்களின் ஊரான நெய்வேலியில் கிளர்ச்சி என்றால் கேட் மீட்டிங், கொடி, வேலை நிறுத்தம். படுக்கையில் உங்களுக்குக் கிளர்ச்சி உண்டாகிறதா என்று கேட்டால் என் கவுண்டருக்கு வரும் பெண்கள் சிரித்துவிடுவார்கள். சிரித்தால் நல்லதுதான்.

பெண்கள் தங்களுக்குள் என்ன சொல்கிறார்கள்? மனசே இல்லை. அலுப்பா இருக்கு. உடம்புக்கு முடியலை. அவருக்கு வேணும். இந்த நான்கு வாக்கியங்களில் மூன்று இல்லாமையைச் சொல்கின்றன. ஒன்று மட்டும் இருப்பதைச் சொல்கிறது, அந்த ஒன்று அவளுடையதல்ல. இன்னொரு சொல்லும் உண்டு. வெள்ளைப்படுதல். கோவாவில் விக்ரம் படேலும் மற்றவர்களும் நடத்தி 2005 வாக்கில் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இந்தப் புகாரோடு வரும் பெண்களில் பலரிடம் தொற்றுநோயைக் காட்டிலும் மனச்சோர்வும் வாழ்க்கை நெருக்கடியும்தான் வலுவாகச் சேர்ந்து நிற்கின்றன என்று காட்டியது. சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லக்கூடிய ஒரு திரவமாக மாற்றி வைத்தியரின் மேஜைக்குக் கொண்டுபோகிறார்கள். உருவகம் என்று நாம் பாடம் நடத்திக்கொண்டிருப்பதை அவர்கள் வேறு வழியில்லாமல் செய்கிறார்கள். வைத்தியர் அதை ஸ்தூலமாக எடுத்துக்கொண்டு மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

ஆண்களுக்கு இந்தக் கஷ்டமில்லை. வாலிப வயோதிக அன்பர்களே என்று கூப்பிட்டு, எந்த ஊரில் எந்தத் தேதியில் எந்த லாட்ஜில் வைத்தியர் தங்குகிறார் என்று அறிவிக்கும் விளம்பரம் தமிழர்களுக்கு மனப்பாடம். பெண்ணை விளித்து அப்படி ஒரு வாக்கியம் தமிழில் உண்டாகவே இல்லை.

மேலே சொன்ன நோய்க்கு ஒரு வரலாறு இருக்கிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய வைத்திய நூல்களில் இதற்கு ஒரே சொல்: குளிர்ந்தவள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பத்தாவது பதிப்பில்கூட, 1990-களில், அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. 1966-இல் மாஸ்டர்ஸும் ஜான்ஸனும் ஆய்வுக்கூடத்தில் உடல்களை அளந்து நான்கு கட்டங்கள் என்றார்கள். அதில் வேட்கைக்கே இடமில்லை. இயந்திரம் ஓடத் தொடங்கியதிலிருந்துதான் கணக்கு. எழுபதுகளின் இறுதியில் ஹெலன் ஸிங்கர் கப்லான், ஓடத் தொடங்காத இயந்திரங்களைப் பார்த்துவிட்டு, முதலில் வேட்கை என்று ஒன்று வேண்டும் என்றார். அமெரிக்க மனநல மருத்துவ சங்கத்தின் கையேட்டில் 1980-இல் அது நோயாக நுழைந்தது. 2013-இல் வேட்கைக் குறையையும் கிளர்ச்சிக் குறையையும் ஒன்றாக்கிப் புதுப் பெயர் வைத்தார்கள். ஆறு அறிகுறிகளில் மூன்றாவது வேண்டும், ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், அவளுக்கு வருத்தம் தர வேண்டும். உலக சுகாதார நிறுவனமோ 2022-இல் நடைமுறைக்கு வந்த பதினொன்றாவது பதிப்பில் இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. ஒரே பெண் இரண்டு கையேடுகளில் இரண்டு விதமாக நோயாளி. வகைப்பாடுகள் மாறிக்கொண்டே இருப்பதைக் கண்டு நாம் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. புதுக்கவிதைக்கும் வசன கவிதைக்கும் எல்லை வகுக்கப் புறப்பட்டு நாம் காகிதம் வீணாக்கியது கொஞ்சமா?

2013 கையேட்டில் என்னை நிறுத்திய இடம் வேறு. கணவனைவிட மனைவிக்கு வேட்கை குறைவு என்பது மட்டுமே நோயாகாது என்று அது சொல்கிறது. தம்பதியிடையே கடுமையான பிணக்கோ, அடி உதையோ, வேறு பெரிய நெருக்கடியோ, மருந்தோ, உடல்நோயோ காரணமாக இருந்தால், அப்போதும் இந்தப் பெயரைச் சூட்டக்கூடாது. அதாவது, மரத்துப் போவதற்கு நியாயம் இருந்தால் அது நோயல்ல. புதுமைப்பித்தனைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இராது. 1943-இல் வந்த சாப விமோசனத்தில் அகலிகை இரண்டாம் முறை கல்லாகிறாள். சாபமில்லாமல், யாரும் கட்டளையிடாமல். ராமனே சீதையைத் தீயில் இறங்கச் சொன்னான் என்று கேட்ட பிறகு, கோதமன் தன்னிடம் வரும்போது அவன் உருவில் அவளுக்கு இந்திரன் தெரிகிறான். அதோடு கல். கோதமன் நல்லவன், அன்பானவன், அவளை மன்னித்தவன். அது போதவில்லை. அவளைத் தொடப் போகிற கை மன்னித்த கையாக இருப்பதே அவளுக்குத் தாங்கவில்லை என்று எனக்குப் படுகிறது. எத்தனையோ பேர் இந்தக் கதையைக் கற்பு பற்றிய வாதமாகவே படித்திருக்கிறார்கள். ஒரு பெண்ணுடல் மரத்துப்போகும் கணத்தின் மிகத் துல்லியமான சித்திரமாக நான் அதைப் படிக்கிறேன். தி. ஜானகிராமனின் அலங்காரத்தம்மாளையும் அம்மணியையும் வைத்துக்கொண்டு நாம் எவ்வளவோ பேசிவிட்டோம். வேட்கை மிகுந்த பெண்தான் நம் நாவலாசிரியர்களைக் கவர்கிறாள். அவளைக் கண்டு திகைப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. வேட்கை இல்லாமல் போன பெண்ணைப் பார்ப்பதில் சுகமில்லை. புதுமைப்பித்தன் பார்த்தார்.

தவறான நோய்க்கணிப்பு என்பதே நம் அகப்பாடல்களில் ஒரு துறையாக இருந்திருக்கிறது. வெறியாட்டைத்தான் சொல்கிறேன். மகள் இளைக்கிறாள், பசலை படர்கிறது. தாய் கட்டுவிச்சியைக் கேட்கிறாள். வேலன் வருகிறான்; கழங்கு போட்டுப் பார்க்கிறான்; முருகு அணங்கியது என்று தீர்ப்புச் சொல்கிறான்; ஆட்டைப் பலியிடுகிறார்கள். தலைவிக்கும் தோழிக்கும் உண்மை தெரியும். நற்றிணைப் பாட்டு ஒன்றில் தோழி முருகனையே விவரமில்லாதவன் என்று இடித்துரைக்கிறாள். இங்கே கவனிக்க வேண்டியது இது: உடம்பின் குறிகளைக் கொண்டு மட்டும் பார்ப்பவன் தோற்கிறான், அவளிடம் கேட்டவளுக்குத்தான் காரணம் தெரிந்திருக்கிறது. ஆனால் அதே மரபின் இலக்கணமான தொல்காப்பியம், தன் வேட்கையைத் தலைவன் முன்னால் எடுத்துச் சொல்வது தலைவிக்கு வழக்கமில்லை என்றும் விதிக்கிறது. ஆக, தோழி என்ற பாத்திரம் ஏன் அவ்வளவு அவசியமாயிற்று என்பது விளங்குகிறது. இன்று தோழி எங்கே? நெய்வேலி குவார்ட்டர்ஸில் அடுத்த வீட்டுப் பெண்ணோடு பேசலாம். ஆனால் அவள் கணவனும் உன் கணவனும் ஒரே ஷிப்ட். பேச்சு சுரங்கத்துக்குள் போய்விட்டு வீட்டுக்குத் திரும்பி வரும்.

இதுவரை எழுதியதை நான் கௌரவமாக, விமர்சகனின் தூரத்திலிருந்து எழுதிவிட்டேன். இந்த விஷயத்துக்குள் நான் எப்படி வந்தேன் என்பதை மறைத்தால் கட்டுரை பொய்யாகிவிடும். என் மனைவியிடம் அனுமதி கேட்டேன். "பேரைப் போடாதீங்க. மத்தபடி நீங்க என்ன எழுதினாலும் எனக்குப் புரியவா போகுது," என்றாள். அவளுக்குப் புரியும்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு மனச்சோர்வு. மூன்று மாதம் அதை நாங்கள் அலுப்பு என்று நினைத்தோம். பிறகு ஒரு மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அழுகை நின்றது, தூக்கம் வந்தது, குழந்தையைப் பார்த்துச் சிரித்தாள். அதே சமயத்தில் அவள் என்னிடமிருந்து விலகிப் போனாள். விலகல் என்றுகூடச் சொல்ல முடியாது. கையைப் பிடித்தால் கை இருக்கும். ஏழெட்டு மாதம் கழித்து மறுபடியும் அந்த மருத்துவரிடம் போனோம். அவர் என்னைப் பார்த்து, எவ்வளவு நாளா இப்படி என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். எதனால் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார். அதற்கும் நான் பதில் சொன்னேன், மேற்கோள்களுடன். அவள் பக்கத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் போனதும் நானும் அந்தக் கணவன்மாரில் ஒருவனாகத்தான் இருந்தேன். குழந்தை பிறந்தால் இப்படித்தான், போகப் போகச் சரியாகும், ஒரு டானிக் சாப்பிடட்டும் என்றார் அவர். எழுதித் தந்த மாத்திரையைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மனச்சோர்வுக்கு இன்று பரவலாகக் கொடுக்கப்படும் ஸெரோடோனின் வகை மாத்திரைகள் வேட்கையையும் உச்சத்தையும் மழுங்கடிக்கக்கூடும் என்பது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். சோர்வே வேட்கையைக் கொல்லும். சோர்வைப் போக்கும் மருந்தும் கொல்லலாம். இரண்டில் எது என்று பிரித்துப் பார்க்க, அவளிடம் நாள்வாரியாக விசாரிப்பதைத் தவிர வேறு சோதனை கிடையாது.

இதே காலத்தில்தான் ஒரு பெண் கவிஞரின் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். வேட்கை வற்றிய வரிகள் என்று அதில் ஒரு தொடர். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பத்திரிகை வந்ததும் வீட்டில் மேஜைமேல் போட்டிருந்தேன். அவள் படித்துவிட்டு, "இந்தப் பொண்ணுக்கு வற்றிப்போச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்டீங்களா?" என்றாள். கவிதைக்குள்ளிருந்துதான் சொல்கிறேன், கவிஞரைப் பற்றியல்ல என்று நான் விளக்கம் கொடுத்தேன். புது விமர்சனத்தின் பாலபாடம். அவள் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். அந்தக் கவிதைகளை மறுபடி எடுத்துப் படிக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. அதில் வற்றியிருந்தது எதுவுமில்லை. கேட்டவனுக்குத் தராமல் வைத்துக்கொண்டிருந்த கவிதைகள் அவை. நான் கேட்டுக்கொண்டிருந்தவன். எனக்குக் கிடைக்காததை இல்லாதது என்று எழுதியிருக்கிறேன். ஸல்மாவையும் குட்டி ரேவதியையும் 2003-ஐ ஒட்டி ஆபாசம் என்று தூற்றியவர்களைக் கிண்டல் செய்து எழுதியவன் நான். அதிகம் என்று சொல்பவனுக்கும் போதாது என்று சொல்பவனுக்கும் கையில் இருப்பது ஒரே படி என்பது அப்போது உறைக்கவில்லை.

பிறகு இன்னொரு மருத்துவர், பெண். என்னை வெளியே உட்காரச் சொன்னார். நாற்பது நிமிஷம். உள்ளே என்ன கேட்டார் என்பதை அவள் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாட்களில் சொன்னாள். எப்போதிலிருந்து? எப்போதுமேவா, இவரோடு மட்டுமா? தனியாக இருக்கும்போது நினைவு வருமா, கனவு வருமா? வலி இருக்கிறதா? வலியை முதலில் கேட்டாராம். வலிக்கிற காரியத்தில் ஆசை எப்படி வரும் என்றாராம். பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் தாழ்ந்து வறட்சி உண்டாகும், அதுவே வலி. மாதவிடாய் நின்ற பிறகும் அப்படித்தான். அதற்கு உள்ளே பூசும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு இருக்கிறது, பாட்டிமார்கள் ஒருவருக்கும் யாரும் சொல்லவில்லை. தைராய்ட் பார்த்தார். ரத்த சோகை பார்த்தார். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்குச் சோகை இருக்கிறது. ரத்தமில்லாமல் மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறவளிடம் வேட்கைக் குறை என்று தனியாக ஒரு வியாதியைத் தேடுவானேன்? யாராவது அடிக்கிறார்களா என்றும் கேட்டிருக்கிறார். "இல்லைன்னு சொன்னேன்," என்று அவள் என்னிடம் சொன்னபோது எனக்கு ஏனோ நிம்மதிக்குப் பதில் வெட்கமாக இருந்தது. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக்கூடாது என்று எச்சரித்து, படிப்படியாக வேறொன்றுக்கு மாற்றினார்.

அவர் சொன்னவற்றில் எனக்கு அதிகம் உறைத்தது வேறு. ஆசை வந்த பிறகுதான் எல்லாம் தொடங்க வேண்டும் என்பது ஆண்கள் எழுதிய வரிசை; நெடுநாள் உறவில் பல பெண்களுக்குத் தொடுகையும் நெருக்கமும் முதலில், ஆசை அதற்குப் பதிலாகப் பின்னால் வரும் என்றாராம். கனடாவின் ரோஸ்மேரி பாஸன் 2000-இல் முன்வைத்த கருத்து இது. நேர்கோட்டுக்குப் பதில் வட்டம். ஆபத்தான கருத்தும்கூட, முதலில் சம்மதி, ஆசை தானாக வரும் என்று கணவன்மார்கள் இதைத் தங்களுக்கு வசதியாகத் திருப்பிவிட முடியும். நான் திருப்பப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாஸனின் வட்டத்தில் அவள் உள்ளே வருவதற்கு அவளுக்கென்று ஒரு காரணம் இருக்க வேண்டும். அவளுக்குப் பிடித்த விதத்தில் தொடுகை இருக்க வேண்டும். முடிவில் அவளுக்கு ஏதாவது கிடைக்க வேண்டும். கடனுக்கும் கடமைக்கும் அதில் இடமில்லை. மாஸ்டர்ஸும் ஜான்ஸனும் வகுத்த பயிற்சியில் முதல் விதியே, சில வாரங்களுக்கு உறவு கூடாது என்பது. மாறி மாறித் தொட வேண்டும். எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று தொடப்பட்டவர் சொல்ல வேண்டும். தடை விதித்ததும் அவள் முகத்தில் நான் கண்ட தளர்ச்சியை வர்ணிக்க எனக்குத் திறமையில்லை. பல மாதங்களாக அவள் ஒவ்வொரு ராத்திரியும் காவல் இருந்திருக்கிறாள். எதற்கு எதிராக என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

மாத்திரைகளும் வந்துவிட்டன. மனச்சோர்வுக்கு என்று தயாரித்து அதற்கு உதவாமல் போன ப்ளிபான்ஸெரின் என்ற மருந்து, 2010-இலும் 2013-இலும் நிராகரிக்கப்பட்டு, 2015 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தினமும் படுக்கப்போகும் முன் ஒன்று. மதுவோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வரலாம். சர்க்கரை வில்லைக்கு மேல் இதனால் கிடைத்த லாபம், மாதத்துக்கு அரை முதல் ஒரு திருப்தியான சந்தர்ப்பம். அனுமதி கிடைத்த கையோடு அந்தக் கம்பெனி சுமார் நூறு கோடி டாலருக்குக் கைமாறியது. 2019 ஜூனில் ப்ரெமலனோடைட் என்ற ஊசி வந்தது. முக்கால் மணி நேரம் முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்குச் சிறிய அளவில் டெஸ்டோஸ்டிரோன் பயன்படுகிறது என்று அதே வருஷம் பல நாட்டு வைத்திய சங்கங்கள் கூடி ஒப்புக்கொண்டன. இவற்றால் பயனடையும் பெண்கள் நிச்சயம் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து மருந்துக் கம்பெனியின் சதி என்று கோஷம் போடுவது, வருத்தப்படும் பெண்ணிடம் உன் வருத்தமே போலி என்று சொல்வதாகும். நம் இடதுசாரி நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எனக்கிருக்கும் சந்தேகம் எளிமையானது. அரை சந்தர்ப்பம் என்று கணக்கெழுதியது யாருடைய பேரேட்டில்?

பேரேடு என்றதும் சட்டம் ஞாபகம் வருகிறது. பதினெட்டு வயது தாண்டிய மனைவியோடு கணவன் கொள்ளும் உறவு பலாத்காரமாகாது என்ற விலக்கு, பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்தது போலவே 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. தாம்பத்திய உரிமையை மீட்டுத் தரும் ஹிந்து திருமணச் சட்டத்தின் ஒன்பதாவது பிரிவை 1983-இல் ஆந்திர உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. அடுத்த வருஷமே உச்சநீதிமன்றம் செல்லும் என்றுவிட்டது. வேண்டாம் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இடமில்லாத வீட்டில், உடம்பு தன் போக்கில் அதைச் சொல்லத் தொடங்கினால், அதைக் குறைபாடு என்று குறித்துக்கொள்வதற்கு முன்னால் வைத்தியர் ஒரு நிமிஷம் பேனாவை மூடி வைக்க வேண்டாமா? எல்லா மரத்துப்போதலும் எதிர்ப்பு என்று நான் சொல்லவில்லை. என் வீட்டிலேயே பாதி மாத்திரை, பாதி நான். தைராய்டைப் புரட்சியாக்கி கவிதை எழுதும் ஆட்களும் நம்மிடம் வந்துவிடக்கூடும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

மொழிபெயர்ப்பு பாதியில் நிற்கிறது. முதல் இரண்டு கேள்விகளுக்குத் தமிழ் அகப்படாமல், காகிதத்தை அவளிடமே கொடுத்து, இதை எப்படிக் கேட்டால் உனக்குப் புரியும் என்றேன். இரண்டு நாள் வைத்திருந்தாள். வேட்கை என்று நான் எழுதியிருந்த இடத்தை அடித்துவிட்டு, பென்ஸிலில், "உங்களுக்கா எப்பவாவது தோணுச்சா?" என்று எழுதித் தந்தாள். தோன்றுவது. எதுவென்று பெயர் சொல்லாமல், யாருக்கு என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிற வாக்கியம். மருத்துவர்கள் இதை ஏற்றுக்கொள்வார்களா, எதை அளக்கிறோம் என்று தெரியவில்லையே என்று ஆட்சேபிப்பார்களா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆட்சேபம் நியாயமானதாகவும் இருக்கலாம். மீதிப் பதினேழு கேள்விகள் அவளிடம் இருக்கின்றன. வலியைப் பற்றிய மூன்றை முதலில் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.